கழற்ற எளிது, கழலக் கூடாது: வீல் நட் பிறந்த கதை

1906-ஆம் ஆண்டு ஜூன் 26. பிரான்சில் லெ மான் நகரை ஒட்டிய சாலைகளில் உலகின் முதல் கிராண்ட் பிரி கார் பந்தயம் தொடங்கியது. ஒரு சுற்று நூறு கிலோமீட்டருக்கும் மேல். நாளொன்றுக்கு ஆறு சுற்றாக இரண்டு நாள் ஓட வேண்டும். வெயிலில் சாலையின் தார் உருகி ஓட்டுநர்களின் கண்ணில் தெறித்தது. பெயர்ந்த கற்கள் டயர்களைக் கிழித்தன. வழியில் வண்டிக்கு என்ன நேர்ந்தாலும் அதைத் தொட ஓட்டுநருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும் மெக்கானிக்குக்கும் மட்டுமே அனுமதி.

அந்தக் காலத்துக் கார்களில் டயர் வெடித்தால் சக்கரத்தைக் கழற்றி வேறொன்று மாட்டும் வழக்கமில்லை. சக்கரம் வண்டியிலேயே இருக்கும். கிழிந்த டயரைக் கத்தியால் அறுத்தெடுத்து, புதிய டயரை நெம்புகோலால் ரிம்முக்குள் தள்ளிக் காற்றடைக்க வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கே கால் மணி நேரம் ஆகும். அந்தப் பந்தயத்துக்கு மிஷலின் நிறுவனம் ஒரு புதுமையைக் கொண்டுவந்திருந்தது. டயரை முன்கூட்டியே ஏற்றிக் காற்றும் அடைத்து வைத்த தனி ரிம் அது. நட்டுகளைக் கழற்றிப் பழைய ரிம்மை உருவி, புதியதை வைத்து முடுக்கினால் நான்கு நிமிடத்துக்குள் வண்டி கிளம்பிவிடும். ரெனோ காரின் பின்சக்கரங்களில் இந்த ரிம்மைப் பொருத்திக்கொண்டு வந்த ஹங்கேரிக்காரர் ஃபெரென்ஸ் சிஸ், 1,238 கிலோமீட்டர் ஓடி அந்தப் பந்தயத்தை வென்றார்.

இன்று நம் கார்ச் சக்கரத்தின் நடுவே நான்கோ ஐந்தோ உட்கார்ந்திருக்கும் வீல் நட்டுகளின் குலம் இந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. அவசரத்துக்குப் பிறந்த பொருள் அது. சாலையோரத்தில், கையில் ஒரு ஸ்பானரை மட்டும் வைத்திருக்கும் மனிதர் அதைக் கழற்றிவிட வேண்டும். ஆனால் அவர் நினைக்காதபோது அது தானாக ஒரு இழை கூடக் கழலக் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு கட்டளைகளையும் ஒரே இரும்புத் துண்டு நிறைவேற்ற வேண்டும். அதன் மரை, அது அமரும் முகம், அதன் நீளம், அதை முடுக்கும் அளவு எல்லாமே இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற நடந்த முயற்சியில் உருவானவை. உங்கள் காருக்குச் சரியான நட் எது என்பதற்கான விடையும் அங்கேயே இருக்கிறது.

கடையாணிக்குப் பின்

மாட்டு வண்டியில் இந்தச் சிக்கல் இல்லை. அச்சு அசையாமல் நிற்கும், சக்கரம் அதன் மேல் சுழலும், அச்சின் நுனியில் செருகிய கடையாணி சக்கரம் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும். ஆணியை உருவினால் சக்கரம் கையோடு வந்துவிடும். காரில் அப்படி முடியாது. இயந்திரத்தின் விசையை வாங்கிச் சக்கரம் உருள வேண்டும், பிரேக்கின் பிடியையும் அது தாங்க வேண்டும். சக்கரம் அச்சின் முனையிலுள்ள ஹப்போடு ஒரே உடம்பாக இறுகி நிற்பது அவசியமாகிவிட்டது. அதனால் தொடக்ககாலக் கார்களில் சக்கரத்தைக் கழற்றுவது பட்டறையில் செய்யும் வேலையாகவே இருந்தது.

சாலையில் நின்றுபோனவர்களுக்கு முதலில் கைகொடுத்தவர்கள் வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள். 1904-ல் அவர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்மில் காற்றடைத்த டயரை ஏற்றி, பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் கவ்விகளால் பிடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். அவர்களின் கடை இருந்த தெரு ஸ்டெப்னி தெரு. கண்டுபிடித்த பொருளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அந்த வடிவம் வழக்கொழிந்து பல தலைமுறை ஆகிவிட்டது. மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்றே இன்றும் அழைக்கிறோம்.

ஸ்டெப்னி என்பது பழைய சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும் தற்காலிக ஏற்பாடு. மிஷலினின் ரிம் ஒரு படி மேலே போனது. சக்கரத்தையே முழுசாகக் கழற்றி மாட்டுவது அடுத்த படி. அதற்கு இரண்டு வழிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் திறந்தன.

முதல் வழி, நடுவில் ஒரே ஒரு பெரிய நட். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தின் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தில் ஜான் பியூ உருவாக்கிய கம்பிச் சக்கரம் அப்படிப்பட்டது. ஹப்பின் மேல் பற்களோடு சக்கரம் பொருந்தும். வெளியிலிருந்து ஒற்றை நட் அதை இறுக்கும். அதைக் கழற்றி மாட்டும் வேகம் எதிராளிகளைக் கலங்கடித்தது. 1908 பிரெஞ்சு கிராண்ட் பிரியில் கழற்றும் ரிம்முக்கு அனுமதி கிடைத்தது, கழற்றும் சக்கரத்துக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சக்கரங்களோடு வரவிருந்த நேப்பியர் அணி பந்தயத்திலிருந்தே விலகிக்கொண்டது.

இரண்டாவது வழியில் பகட்டு எதுவும் இல்லை. ஹப்பின் முகத்தில் வட்டமாக, மரையிட்ட தண்டுகளான சில ஸ்டட்டுகள், அவற்றுக்குத் துளையிட்ட சக்கரம், ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒரு சிறிய நட். தட்டுகளை அச்சில் அழுத்தித் தயாரித்துப் பழகிய இங்கிலாந்தின் ஜோசப் சாங்கி நிறுவனம், 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே கைத்திறனோடு எஃகுத் தகட்டை அழுத்தி, இரண்டு பாதிகளை ஒன்றாகப் பற்றவைத்துக் கார்ச் சக்கரம் செய்தது. எஃகுத் தகட்டுச் சக்கரத்துக்குத் தோதானது இந்தப் பல நட்டு ஏற்பாடுதான்.

சாதாரணக் கார்களில் இந்த இரண்டாவது வழியே நிலைத்தது. ஒற்றை நட்டுக்கு நுட்பமாகக் கடைந்த ஹப் வேண்டும். அதை இறுக்கக் கனத்த சுத்தியலோ பெரிய கருவியோ வேண்டும். அது தளர்ந்தால் காப்பாற்ற வேறு துணையும் இல்லை. சிறிய நட்டுகளோ மலிவானவை. ஒருவர் கைப்பலத்துக்குக் கட்டுப்படுபவை. ஒன்று தளர்ந்தாலும் மற்றவை சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் நடுக்கமாகவும் அடியில் டக்டக் ஓசையாகவும் எச்சரிக்கை தரும்.

1927 கடைசியில் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் ஏ கார் வந்தது. ஐந்து நட்டுகள், அவற்றின் மையங்கள் வழியாக வட்டம் போட்டால் விட்டம் ஐந்தரை அங்குலம். அந்தக் கார் ஏறத்தாழ 48 லட்சம் விற்றது. அந்த ஐந்தரை அங்குல வட்டத்தை இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பிலும் காணலாம். அந்த ஜீப்பை 1940-களின் கடைசியில் மஹிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கியபோது அதே அளவு இங்கே இறங்கியது. ஐந்தரை அங்குலம் என்பது 139.7 மில்லிமீட்டர். சுசூகி ஜிம்னியின் சக்கரத் துளைகளை அளந்தாலும் அதே எண்தான் வரும். டயர் கடைகளில் பி.சி.டி. என்று சொல்வது இந்த வட்டத்தின் விட்டத்தைத்தான். இன்னோவா போன்ற கார்களின் 114.3 மி.மீ. என்னும் விநோத எண்ணும் நாலரை அங்குலத்தின் மறுவடிவமே.

மரை என்னும் ஒப்பந்தம்

நட்டும் ஸ்டட்டும் ஒன்றையொன்று பற்றுவது மரையால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மரைக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரு பட்டறையில் வெட்டிய நட் இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லி 1800-ஐ ஒட்டிச் செம்மைப்படுத்திய மரை வெட்டும் கடைசல் இயந்திரம், ஒரே அளவு மரையைத் திரும்பத் திரும்ப வெட்டலாம் என்று காட்டியது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், 1841-ல் நாடு முழுவதற்குமான ஒரே மரை அளவை முன்மொழிந்தார். அதன் பல்லின் கோணம் 55 பாகை. 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ், வெட்டவும் சரிபார்க்கவும் சுலபமான 60 பாகையைப் பரிந்துரைத்தார். இன்றைய மெட்ரிக் மரையின் கோணமும் அந்த 60 பாகைதான்.

சக்கரத்தின் நட் சாலையோரத்தில் மாற்றக்கூடிய பொருளாக ஆனதற்கு இந்த ஒப்பந்தமே அடிப்படை. ஆனால் ஒப்பந்தம் ஒன்றல்ல, சில. இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களின் ஸ்டட் 12 மி.மீ. விட்டம் கொண்டது. அதில் இரண்டு வகை. மாருதி சுசூகி, நிசான் கார்களில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் 1.5 மி.மீ. கடையில் எம்12 × 1.25, எம்12 × 1.5 என்று எழுதியிருப்பார்கள். வித்தியாசம் கால் மில்லிமீட்டர். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம்.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 1.5 நட்டை 1.25 ஸ்டட்டில் வைத்துத் திருகினால் இரண்டு மூன்று சுற்று ஏறும். பிறகு இறுகும். கையால் திருகுபவர் அங்கேயே நிறுத்திவிடுவார். காற்றில் இயங்கும் கன் வைத்திருப்பவர் விசையை அழுத்துவார். மரை நசுங்கிக்கொண்டே நட் உள்ளே போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமாக இருக்கும். “ஏறிடுச்சுல்ல அண்ணே, அப்புறம் என்ன?” என்று பையன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. அந்த நட்டின் பிடி அந்த நொடியிலேயே பாழாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்றும் உண்டு. பழைய ஜீப்புகளின் ஸ்டட் அரை அங்குலம், அங்குலத்துக்கு இருபது மரை. அதாவது 12.7 மி.மீ. விட்டம், 1.27 மி.மீ. இடைவெளி. இந்த நட்டை எம்12 × 1.25 ஸ்டட்டில் போட்டால் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஏறும். பல்லின் நுனிகள் மட்டும் உரசிக்கொண்டு நிற்கும். சுலபமாக ஏறுவதைப் பொருத்தத்தின் அடையாளம் என்று நம்பி வண்டியை எடுத்தால், பிரேக் பிடிக்கும் ஒரு கணத்தில் மரை உரிந்துவிடும். கையால் திருகும்போது தடையில்லாமல் ஏற வேண்டும். அதே சமயம் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் அது உரிய நட்.

நட்டின் முகம்

ஒரு வீல் நட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சக்கரத்தைத் தொடும் பக்கம் பெரும்பாலும் தட்டையாக இருக்காது, கூம்பாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் மெருகேறிய வளையம் ஒன்று ஓடும். அதுதான் நட் உண்மையாகவே வேலை செய்த இடம். நல்ல நட்டில் அந்த வளையம் ஒரே அகலத்தில் முழு வட்டமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால், நட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

கூம்பு எதற்கு? ஸ்டட்டை விடச் சக்கரத்தின் துளை சற்றுப் பெரிதாக இருந்தால்தான் சாலையோரத்தில் சக்கரத்தைத் தூக்கி மாட்ட முடியும். ஆனால் அந்த இடைவெளியில் சக்கரம் மையம் தவறி உட்காரலாம். நட்டின் கூம்பும் துளையின் சரிவும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்போது சக்கரம் தானாக நடுவுக்கு வந்துவிடுகிறது. பரப்புக்குப் பரப்பு இறுகப் பற்றிக்கொள்வதால் கழல்வதும் கடினமாகிறது. கார்களில் பரவலாக உள்ள கூம்பின் கோணம் 60 பாகை.

கூம்பு மட்டும் வழக்கமல்ல. ஹோண்டாவின் சொந்தச் சக்கரங்களில் நட்டின் முகம் பந்தின் ஒரு பகுதி போல உருண்டிருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் ஸ்டட்டும் நட்டும் இல்லை. தலையின் அடிப்பாகம் உருண்ட போல்ட் நேராக ஹப்புக்குள் திருகப்படும். டொயோட்டாவின் அலாய் சக்கரங்கள் பலவற்றில் தட்டை வாஷரும், துளைக்குள் நுழையும் குழல் போன்ற கழுத்தும் உள்ள நட்டைப் பார்க்கலாம்.

வாங்குபவர்கள் பெரிதும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கார் ஹோண்டா, வாங்கிப் போடும் புது அலாய் வேறு நிறுவனத்துடையது என்று வைத்துக்கொள்வோம். பழைய நட்டுகளின் மரை ஸ்டட்டுக்குச் சரியாகவே இருக்கும், அதனால் அவற்றையே போட்டுவிடுவார்கள். ஆனால் வெளிச்சந்தை அலாய்களின் துளை பெரும்பாலும் கூம்புக்காக வெட்டப்பட்டது. உருண்ட முகம் கூம்புக் குழியில் ஒரு கோடு அளவுக்கு மட்டுமே தொடும். அந்த மெல்லிய கோட்டின் மேல் மொத்த அழுத்தமும் விழுந்து அலுமினியம் நசுங்கும். நசுங்க நசுங்க இறுக்கம் குறையும். மரை காரைப் பொறுத்தது, முகம் சக்கரத்தைப் பொறுத்தது. சக்கரத்தை மாற்றினால் நட்டையும் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

1924-ல் புகாட்டியின் டைப் 35 பந்தயக் கார் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு வந்தது. பின்னர் பந்தயக் களத்தில் மெக்னீசியச் சக்கரங்கள் பரவின. அலாய் சக்கரத்தை மேக் வீல் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது அந்த நாளின் எச்சம். இந்த உலோகங்கள் எஃகை விட மென்மையானவை, அதனால் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தடிமனாக வார்க்கிறார்கள். தடிமன் கூடியதும் ஸ்டட் வெளியே நீட்டும் நீளம் குறைந்தது. நட்டின் நீளமும் கவனிக்க வேண்டிய விஷயமானது அப்போதுதான்.

தானாகக் கழல்வது ஏன்?

கழலக் கூடாது என்ற கட்டளையை நிறைவேற்றத்தான் பொறியாளர்கள் அதிகம் போராடினார்கள். முதலில் அவர்கள் கண்ணில் பட்டது சுழலும் திசை. காரின் இடப்பக்கச் சக்கரம் முன்னோக்கி உருளும்போது, வெளியே நின்று பார்ப்பவருக்கு அது எதிர்க்கடிகாரத் திசையில் சுழல்வதாகத் தெரியும். சாதாரண மரை கழல்வதும் அந்தத் திசையில்தான். ஆகவே இடப்பக்கத்துக்கு மட்டும் தலைகீழான இடது மரை வைத்தார்கள். வில்லிஸ் ஜீப்பில் அது உண்டு. அமெரிக்காவின் கிறைஸ்லர் கார்கள் 1970 வாக்கு வரை அதை விடவில்லை. பழைய லாரிகளில் வேலை பார்த்த கிளீனர்களுக்கு, இடப்பக்கம் வந்தால் கையை மாற்றித் திருப்ப வேண்டும் என்பது பாலபாடம். தெரியாதவர்கள் கழற்றுவதாக நினைத்து இறுக்கி, ஸ்டட்டையே முறித்தார்கள்.

1969-ல் கெர்ஹார்ட் ஜுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தம் சோதனை முடிவுகளை வெளியிட்டார். முடுக்கிய நட்டைத் தளர்த்துவதில் முதன்மையான எதிரி, இறுக்கிய பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்குவது. அந்த வழுக்கல் நேரும் ஒவ்வொரு முறையும் மரையின் உராய்வுப் பிடி ஒரு கணம் விட்டுப்போகிறது. அந்தக் கணத்தில் நட் இம்மியளவு பின்னால் திரும்புகிறது. இதையே ஆயிரக்கணக்கான முறை அடுக்கினால் நட் கழன்று விழும். வழுக்கலே இல்லாத அளவுக்கு இறுக்கம் இருந்தால் நட் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் வீல் நட்டைப் பற்றிய பார்வையே மாறிவிடும். சக்கரம் ஸ்டட்டுகளின் மேல் தொங்குவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை முடுக்கும்போது எஃகு ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் விசையில் முடுக்கினால், பொறியாளர்களின் வழக்கமான கணக்குப்படி அந்த அழுத்தம் சுமார் நான்கு டன். நான்கு நட்டுகள் சேர்ந்தால் பதினாறு டன். காரின் முழு எடையே ஒரு டன்னோ ஒன்றரை டன்னோதான். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் சக்கரத்தைத் தாங்குவது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே இந்த அழுத்தம் உண்டாக்கும் உராய்வுதான்.

எவ்வளவு முடுக்குவது?

கார்களின் கையேட்டில் முடுக்க வேண்டிய விசை ஏன் துல்லியமான எண்ணாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும். மாருதி சுசூகியின் பல சிறிய கார்களுக்கு 85 நியூட்டன் மீட்டர். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 103. ஹோண்டாவுக்கு 108. ஃபோக்ஸ்வாகன் போல்ட்டுகளுக்கு 120. குறைந்தால் வழுக்கல் தொடங்கும். மிஞ்சினால் ஸ்டட் திரும்பி வராத அளவுக்கு நீண்டு பலம் இழக்கும். பிரேக் டிஸ்க் கோணலாகி, பிரேக்கை மிதிக்கும்போது பெடல் அதிரவும் கூடும்.

நாம் ஸ்பானரில் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி நட்டின் முகத்து உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரையின் உராய்விலும் செலவாகிவிடுகிறது. ஸ்டட்டை நீட்டுவது மீதியுள்ள பத்தில் ஒரு பங்கு மட்டுமே. எனவே உராய்வில் சிறு மாற்றம் வந்தாலும் அழுத்தம் பெரிதாக மாறும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவி, கையேட்டில் உள்ள அதே எண்ணுக்கு முடுக்கினால் ஸ்டட் தாங்க வேண்டியதை விட மிக அதிகமாக இழுபடும். துருவும் மண்ணும் இருந்தால் நேர் எதிராக, ஸ்பானர் நின்றுவிடும், அழுத்தமோ வந்திருக்காது. கையேடு வேறு சொல்லாதவரை மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்து, உலர்வாக முடுக்குவதே சரி.

முடுக்கும் வரிசையும் முக்கியம். ஒன்றை முடித்துவிட்டு அதற்கு எதிரில் உள்ளதற்குப் போக வேண்டும். ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரையும் வரிசை. முதலில் கையால் எல்லாவற்றையும் அமர்த்தி, பாதி விசைக்கு ஒரு சுற்று, முழு விசைக்கு ஒரு சுற்று. கடைசிச் சுற்றை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சிலேயே முடிக்க வேண்டும். கன் கழற்றுவதற்கும் தொடக்கத்தில் ஓட்டுவதற்கும் உதவும். அளந்து முடுக்க உதவாது. புது அலாய் என்றால் துளைச் சரிவில் பூசிய பெயிண்ட் அமுங்கி இறுக்கம் தளரும். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடியும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

கடையில் கேட்க வேண்டியவை

நட் வாங்கப் போகும்போது பழைய நட் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். முதல் கேள்வி மரை: விட்டம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு? கடையில் மரை அளக்கும் சீப்பு இருந்தால் பல்லோடு பல் வைத்து ஒரு நொடியில் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது முகம்: சக்கரத்தின் துளை கூம்பா, உருண்டையா, தட்டையா? விரலை விட்டுத் தடவிப் பார்த்தாலே ஓரளவு தெரியும்.

மூன்றாவது நீளம். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு நீளத்துக்கு மரை பிடித்திருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 12 மி.மீ. ஸ்டட்டில் 1.5 மரை என்றால் நட் இறுகும் முன் முழுதாக எட்டுச் சுற்று வர வேண்டும்; 1.25 மரை என்றால் பத்து. சக்கரத்தை மாட்டி நட்டைக் கையால் திருகிக்கொண்டே எண்ணுங்கள். ஐந்தாறு சுற்றிலேயே நின்றால் அந்தச் சக்கரமோ, இடையில் வைத்த ஸ்பேசரோ உங்கள் ஸ்டட்டுக்குத் தடிமன் அதிகம். முனை மூடிய நட்டுகளில், ஸ்டட்டின் நுனி உள்ளே மூடியில் முட்டி நிற்பதும் உண்டு. கைக்கு இறுகியதாகவே தோன்றும், சக்கரமோ பிடிபட்டிருக்காது. போல்ட் போடும் கார்களில் நீளம் கூடினால் பின்னால் உள்ள பிரேக் உறுப்புகளில் இடிக்கும்.

நான்காவது பொருள். அன்றாடக் காருக்கு எஃகு நட்டை விட்டு விலக வேண்டாம். வண்ணம் பூசிய அலுமினிய நட்டுகள் அழகாக இருக்கும், எடையும் குறைவு. ஆனால் அவற்றின் மரை எஃகைப் போல உழைக்காது. மெல்லிய குரோம் தகட்டைத் தொப்பியாகப் போர்த்திய நட்டுகளிலும் எச்சரிக்கை தேவை. உள்ளே ஈரம் புகுந்து துரு பிடித்தால் தொப்பி உப்பிக்கொள்ளும்; நடுராத்திரியில் வீல் ஸ்பானர் அதில் நுழையாது. திருட்டைத் தடுக்கும் பூட்டு நட் போட்டிருந்தால் அதன் சாவி எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். அலாய்க்கு வாங்கிய நட் ஸ்டெப்னியின் எஃகுச் சக்கரத்தில் ஒழுங்காக அமர்கிறதா என்பதையும் வீட்டில் இருக்கும்போதே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எண்ணிக்கையும் எண்ணமும்

எத்தனை நட் என்பது வண்டியின் எடையையும் செலவையும் பார்த்து முடிவாகிறது. 2008-ல் அறிமுகமான டாடா நானோ எடை குறைந்த கார் என்பதால் சக்கரத்துக்கு மூன்று நட்டோடு வந்தது. பிரான்சின் சிட்ரோயன் 2சிவி-யும் மூன்றில்தான் ஓடியது. பந்தயக் களத்தில் ஒற்றை நட்டின் ஆட்சி இன்னும் வலுத்திருக்கிறது. 2023 கத்தார் கிராண்ட் பிரியில் மெக்லாரன் அணி நான்கு சக்கரங்களையும் 1.80 நொடியில் மாற்றியது. ஐந்து நட்டை விடாமல் வைத்திருந்த அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தின் முதன்மைத் தொடரும் 2022-ல் ஒற்றை நட்டுக்கு மாறிவிட்டது. அங்கெல்லாம் சக்கரத்துக்குச் சக்கரம் பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். நட் உட்காராவிட்டால் வண்டியை நிறுத்தச் சொல்ல ஒரு முழு அணி கவனித்துக்கொண்டிருக்கிறது.

நம் காருக்கு அந்த அணி இல்லை. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது சக்கரத்தைப் பிடித்திருப்பது நாம் தேர்ந்தெடுத்த நட்டும், யாரோ ஒருவர் முடுக்கிய முடுக்கும்தான். லாரிகளின் சக்கரத்தில் மஞ்சள் நிறத்தில் சிறு பிளாஸ்டிக் முள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறையாக முடுக்கிய நட்டுகளின் மேல் முட்களை ஒன்றையொன்று பார்க்கும்படி பொருத்திவிடுவார்கள். ஒரு முள் திரும்பியிருந்தால் அந்த நட் நகர்ந்திருக்கிறது. வண்டியைச் சுற்றி நடந்தாலே தெரிந்துவிடும். விலை சொற்பம், வேலை பெரிது. அந்த அக்கறை காருக்கும் வேண்டும்.

உங்கள் காரின் மரை அளவு, சக்கரத் துளையின் வடிவம், முடுக்க வேண்டிய விசை, ஸ்பானரின் அளவு ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி ஜாக்கியோடு வைத்துவிடுங்கள். டயர் மாற்றும் கடையில் அந்தச் சீட்டை நீட்டி, “இந்த அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடிச்சுக் கொடுங்க தம்பி” என்று கேட்கத் தயங்காதீர்கள். ரெஞ்ச் இல்லை என்றால், இருக்கும் கடையைத் தேடிப் போங்கள். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஆகும் நேரம் பத்து நிமிடத்துக்குள்தான்.